ஒரு சனிக்கிழமையை எழுதித் தாருங்கள்

மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை படித்த அண்ணன்மாருக்கும் காக்காமாருக்கும்,



பழைய மாணவர்களுக்கு மடல் என்றால் கட்டட நிதியோ நூற்றாண்டு மலருக்கு விளம்பரமோதான் கேட்பார்கள் என்று பயந்துவிட வேண்டாம். சல்லிக் கணக்கு எதுவும் இதில் இல்லை. உங்களுக்குக் கற்பித்த அமெரிக்கப் பாதர்மாரில் யாராவது ஒருவருடைய ஒரேயொரு சனிக்கிழமையை எழுதித் தாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

நான் ஏறாவூர்க்காரன். உங்கள் கல்லூரியில் படித்தவனில்லை. அரச பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன். மிக்கேல் கல்லூரியின் பாதர்மாரைப் பற்றி உனக்கென்ன கவலை என்று நீங்கள் கேட்பது நியாயம். அந்தப் பாதர்மாரில் ஒருவரான யூஜின் ஹேபியர் அடிகளாரைப் பற்றி யார் எதை எழுதினாலும் அதன் கடைசி வரிகளில் எங்கள் ஊர் வந்துவிடுகிறது. கவலைக்குக் காரணம் அதுதான். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி அவர் ஒரு தமிழ் இளைஞரையும் ஏற்றிக்கொண்டு வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் புறப்பட்டார். கிரான், சந்திவெளி, முறக்கொட்டான்சேனை, சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி, பிறகு எங்கள் ஊர். அதையும் தாண்டி மயிலம்பாவெளி, தன்னாமுனை, ஊறணி என்று போய் மட்டக்களப்பில் இறங்கியிருக்க வேண்டும். இருவரும் வந்து சேரவேயில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அந்த ஓகஸ்ட் எப்படிப்பட்ட ஓகஸ்ட் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். 11ஆம் திகதி இரவிலும் 12ஆம் திகதி விடியலிலும் ஏறாவூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் நூற்றுக்கும் மேற்பட்ட எங்கள் ஆட்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். பதிலுக்குத் தமிழ்ச் சனங்களும் கொல்லப்பட்டார்கள். அந்த வீதியால்தான் மூன்று நாள் கழித்து ஓர் அறுபத்தாறு வயது மனிதர், வாழைச்சேனைப் பக்கம் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு உதவப் போய்விட்டு, ஸ்கூட்டரில் திரும்பி வந்தார். யார், எங்கே, என்ன செய்தார்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்தக் கதைகளுக்குள் நான் இறங்கப் போவதில்லை. அது விசாரிக்க வேண்டியவர்களின் வேலை. அவர்கள் ஒழுங்காக விசாரித்திருந்தால் கதைகளுக்கு இடம் இருந்திருக்காது.

என் கேள்வி வேறு. அந்தக் கடைசிப் பயணம் எல்லோருக்கும் தெரிகிறது. அதற்கு முந்திய எத்தனையோ வருடங்களில் அதே வீதியால் எத்தனை பயணம் போயிருப்பார்? அவற்றில் ஒன்றுகூட எழுத்தில் ஏன் இல்லை? எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவர் காணாமற்போனது மட்டும். ஒரு மனிதரை அவர் மறைந்த இடத்தைக் கொண்டு மட்டும் அறிந்துவைத்திருப்பது அவருக்கும் நல்லதல்ல, அந்த இடத்துக்கும் நல்லதல்ல.

இந்த யோசனையை எனக்குள் கிளப்பிவிட்டது சீனாவைப் பற்றிய ஒரு புத்தகம். பீட்டர் ஹெஸ்லர் என்ற அமெரிக்க இளைஞர் அமைதிப் படைத் தொண்டராகப் போய், யாங்சி ஆற்றங்கரையில் பூலிங் என்ற ஊரின் ஆசிரியர் கல்லூரியில் 1996 முதல் 1998 வரை ஆங்கில இலக்கியம் கற்பித்தார். ‘ரிவர் டவுன்’ என்ற பெயரில் 2001இல் அதை எழுதினார். பெரிய சம்பவம் என்று அதில் எதுவும் இல்லை. நூடுல்ஸ் கடையில் போய்க் குந்துகிறார். கடைக்காரரோடு கதைத்துக் கதைத்துச் சீனமொழி பழகுகிறார். மலைப்பாதையில் ஓடுகிறார், ஊர் ஓட்டப்போட்டியில் வெல்கிறார். லீவு விட்டால் கப்பலிலும் ரயிலிலும் ஏறி எங்காவது போகிறார். பிறகு வந்த அணைக்கட்டு அந்த ஊரின் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்துவிட்டது. தெருக்கள் தண்ணீருக்குள் போன பிறகும் அவற்றின் சந்தடி அந்தப் புத்தகத்தில் கேட்கிறது.

இரண்டே வருடத்துக்கு ஒரு புத்தகம். எங்களிடம் வந்தவர்கள் முழு ஆயுளையும் இங்கேயே கழித்தார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அமெரிக்கர் எங்களைப் பற்றி எழுதியதற்குக் குறைவில்லை. டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இலிருந்து அக்கரைப்பற்றில் தங்கித் தங்கித் தமிழரும் முஸ்லிம்களும் எப்படிக் கலந்து வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்தார். மார்க் விட்டேக்கர் மண்டூர் கோயிலைப் பற்றி எழுதினார். பிறகு மட்டக்களப்பின் பத்திரிகையாளர் சிவராமைப் பற்றியும் எழுதினார். எங்கள் குடிவழியையும் கல்யாண வழக்கத்தையும் கோயில் முதல்மரியாதைச் சண்டையையும் அவர்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொண்டார்கள். நாங்கள் மட்டும், எங்கள் நடுவிலேயே நரைத்துப்போன வெள்ளைக்காரர்களைப் பற்றிப் பாராட்டுக் கவிதைக்கு மேல் எதையும் எழுதவில்லை. சிறப்பு மலர்களைப் புரட்டினால் ‘தன்னலமற்ற சேவையாளர்’, ‘கல்விக்கு ஒளியூட்டிய தீபம்’ என்றுதான் இருக்கும். தீபம் என்ன சாப்பிட்டது, மட்டக்களப்பு வெக்கையில் எப்படித் தூங்கியது என்று ஒரு வரி கிடையாது.

சில விடயங்கள் பொதுவில் தெரியும். 1873இல் தொடங்கிய கல்லூரி. 1895இலிருந்து பிரெஞ்சு இயேசு சபையார் மட்டக்களப்பில் பணிசெய்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அவர்களுடைய இடத்துக்கு அதே சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து அமெரிக்கர்கள் வந்தார்கள். ஹரி மில்லர் 1948இல் வந்தவர். வெபர் அடிகளாரின் பெயர் மைதானத்தில் நிலைத்துவிட்டது. அங்கே மரதன் முடிக்கிற பிள்ளைகளுக்கு வெபர் என்பது ஓர் ஆளின் பெயர் என்பதே தெரியாமலிருக்கலாம், ஆனாலும் வாயில் அந்தப் பெயர்தான். கூடைப்பந்து அவர்கள் கொண்டுவந்து ஊன்றியது. 1891இல் மசாசூசெட்ஸில் ஜேம்ஸ் நைஸ்மித், குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காகக் கண்டுபிடித்த விளையாட்டு, பனியையே காணாத வாவிக்கரையில் வேர்பிடித்துத் தேசிய அளவில் மிக்கேல் கல்லூரிக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஹேபியர் அந்த விளையாட்டின் பயிற்றுநர். கடைசிக் காலத்தில் கிழக்கிலங்கைத் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்தினார். பாடசாலையை விட்ட பையன்களுக்குக் கைத்தொழில் பழக்கிய இடம் அது.

இவ்வளவும் ஒரு பெயர்ப்பலகையில் அடங்கிவிடும்.

அவர்கள் புறப்பட்டு வந்த இடத்தை வரைபடத்தில் பார்த்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. ஹேபியர் பிறந்தது லூசியானாவில் ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில். நெல் விளைகிற பூமி அது. அந்தப் பக்கத்துச் சனங்கள் சோறு தின்கிறவர்கள். நண்டும் இறாலும் இல்லாமல் விருந்து இல்லை. நியூ ஓர்லியன்ஸ் நகரத்தின் முதுகில் பொன்சற்றெயின் என்று ஆழமில்லாத, பரந்த நீர்ப்பரப்பு. கோடை முடிகிற காலத்தில் கடலிலிருந்து சூறாவளி வரும். அமெரிக்கர் என்றதும் ரொட்டியும் குளிரும் வானளாவிய கட்டடங்களும்தான் எங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. இவர்களோ சேறு, நெல், நண்டு, புயல் எல்லாம் தெரிந்த சனம். 1978 நவம்பரில் எங்கள் கூரைகளையும் தென்னைகளையும் அள்ளிக்கொண்டு போன சூறாவளியை அவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள்? யன்னலை எந்தப் பக்கம் திறந்து வைக்க வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களா? அன்று விடுதியில் இருந்த யாராவது இதை வாசித்தால் அந்த இரவை எழுதுங்கள்.

அந்த மாநிலத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1948இல் லூசியானாவில் கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் ஒரே பாடசாலையில் படிக்க முடியாது. நியூ ஓர்லியன்ஸின் அரச பாடசாலையில் ஒரு கறுப்பினச் சிறுமி, ரூபி பிரிட்ஜஸ், 1960 நவம்பரில் காவலர்கள் சூழ நடந்து போக வேண்டியிருந்தது. அந்த ஒழுங்கில் வளர்ந்த இளைஞர்கள் இங்கே தமிழன், சோனகன், பறங்கி என்று கலந்திருந்த வகுப்பில் நின்று கற்பித்தார்கள். இரண்டையும் மனசுக்குள் எப்படி வைத்துக்கொண்டார்கள்? எப்போதாவது வாய்விட்டுச் சொன்னார்களா? உங்களில் துணிந்து கேட்ட ஒருவராவது இருந்திருப்பார்.

இனி நான் கேட்ட சனிக்கிழமைக்கு வருகிறேன். வெள்ளி மத்தியானத்திலிருந்தே தொடங்குங்கள். காக்காமாரே, கத்தோலிக்கக் கல்லூரியில் படித்த நீங்கள் ஜும்ஆவுக்கு எப்படிப் போனீர்கள்? மணியடிக்க முன்னமே விட்டார்களா, கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததா? நோன்பு மாதத்தில் பின்னேரக் கூடைப்பந்துப் பயிற்சிக்கு என்ன செய்தார்கள்? ஏறாவூரிலிருந்து ரயிலில் போய்வந்தவர்கள் இருக்கிறீர்கள். 1928இலிருந்து இருக்கிற தண்டவாளம் அது; பிந்திவந்த ரயிலை மன்னித்தார்களா, வெளியில் நிறுத்தினார்களா? இதெல்லாம் சின்ன விடயம் என்று விடாதீர்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாங்கில் இருந்த காலத்துக்குப் பெரிய சாட்சியமெல்லாம் இப்படிச் சின்னதாகத்தான் கிடைக்கும்.

சனிக்கிழமை காலையில் உங்கள் பாதர் மைதானத்தில் அங்கியோடு நின்றாரா, காற்சட்டையோடு நின்றாரா? விசில் யாரிடம் இருந்தது? தோற்ற நாளில் வாயில் என்ன வந்தது, தமிழா ஆங்கிலமா? பயிற்சி முடிந்து கடைத்தெருவுக்குப் போனாரா? எந்தக் கடையில் பிளேன்டி குடித்தார், சீனி எவ்வளவு? ஸ்கூட்டரைத் திருத்தியவர் யார்? தமிழில் அவருக்குக் கடைசிவரை வராத எழுத்து எது? ‘ழ’ என்று சொல்லிவிடாதீர்கள். அது எங்களிலேயே பாதிப்பேருக்கு வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமையில் பூசைக்கு எந்தெந்த ஊருக்குப் போனார், பின்னால் யாரை ஏற்றிப் போனார்? நடுவில் எங்கள் ஊரில் நின்றிருந்தால் எங்கே, எதற்கு? லீவு நாளில் பாசிக்குடாவுக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் கால்மணித்தியாலம் நடந்தாலும் மூழ்காத கடல் அது. அமெரிக்கர் நீந்துவதைப் பார்க்கக் கரையில் எவ்வளவு கூட்டம் நின்றது? ஹோட்டல் சுவர்கள் வருவதற்கு முந்திய பாசிக்குடாவை அவர்களுடைய கண்ணால் பார்க்க எனக்கு ஆசை. எங்கள் புன்னைக்குடாக் கடற்கரைக்கும் சவுக்கடிக்கும் வந்தார்களா என்பதை அறிய அதைவிட ஆசை.

பிறகு அந்த மீன்பாட்டு. நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தித் துடுப்பை நட்டமாகத் தண்ணீருக்குள் விட்டு, மேல்நுனியைக் காதோடு ஒட்டவைத்தால் கேட்கும். முதலில் உங்கள் காதின் இரைச்சல்தான் கேட்கும். தோணியில் இருப்பவர்கள் வாயை மூட வேண்டும், பாலத்தில் லொறி ஓடாமலிருக்க வேண்டும். பிறகு ஈரவிரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தாற்போல ஒரு நாதம், அடியில் தவளை கத்துவது போல இன்னொன்று. பழைய மீனவர்கள் அது மீனில்லை, ஊரி என்று சொல்வார்கள். சேற்றுக்குள் கிடக்கும் சிப்பிதான் அழுகிறதாம். 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட்டிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர் தன் இலங்கைப் புத்தகத்தில் அதை எழுதிவைத்தார். அறுபதுகளில் இலங்கை வானொலி அந்த ஓசையை ஒலிபரப்பியபோது அதற்கு உதவியவர் லாங் என்ற கத்தோலிக்கக் குருவானவர். ஒலிவாங்கியைத் தண்ணீருக்குள் இறக்கிய அந்த இரவுகளில் தோணி வலித்தது யார்? நுளம்புக்கடியோடு பற்றரி தூக்கிப் போன பையன் யார்? உங்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். வானொலியில் கேட்டது மீன். தோணியில் நடந்த கதை எங்கே?

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். புனிதராக்கிவிடாதீர்கள். அதைத் திருச்சபை தன் முறைப்படி பார்த்துக்கொள்ளும். பிரம்பால் அடித்திருந்தால் எத்தனை அடி, எதற்கு என்று எழுதுங்கள். எரிந்து விழுந்தால், ஓரவஞ்சகம் செய்திருந்தால், பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கண்ணும் உங்களுக்கு ஒரு கண்ணும் வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் பிழைவிட்டதற்காக வகுப்பில் சிரித்தாரா? நானும் ஆங்கிலம் கற்பித்தவன்; வாத்திமார் எங்கெங்கே வழுக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். குறையோடு எழுதப்பட்ட மனிதரைத்தான் எங்கள் பிள்ளைகள் நம்புவார்கள்.

ஹரி மில்லரைப் பற்றியாவது ஓரளவு பதிவு உண்டு. மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்து, காணாமற்போன பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மாரின் முறைப்பாடுகளை எழுதி எழுதி அனுப்பியவர். வெளியூர்ப் பத்திரிகையாளர் யார் வந்தாலும் அவருடைய வாசலுக்குப் போகாமல் திரும்பியதில்லை. 2009இல், போர் முடிந்த வருடத்தில், தாய்நாட்டுக்கே போய்விடுவது என்று நியூ ஓர்லியன்ஸுக்குப் போனவர், சில மாதத்தில் மட்டக்களப்புக்கே திரும்பிவிட்டார். தொண்ணூறை நெருங்கிய வயதில் இங்கேதான் மௌத்தானார். அறுபது வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஊரை விட்டுப்போன மனிதருக்கு அங்கே எது பிடிக்காமற்போனது? கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லையா? வாவிக்காற்று இல்லையா? பேட்டி எடுக்கப் போனவர்கள் எல்லோரும் அவரிடம் யுத்தத்தைத்தான் கேட்டார்கள். அது கேட்க வேண்டியதுதான். ஆனால் அவர் பின்னேரத்தில் என்ன செய்தார் என்பதைக் கேட்க நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள்.

இப்படி ஒரு கூட்டம் இனி வராது. 1960, 61இல் உதவிபெறும் பாடசாலைகளைப் பெரும்பாலும் அரசு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வெளிநாட்டுக் குருமாருக்கு வதிவிட விசா கிடைப்பது குதிரைக்கொம்பானது. ஆகவே இளம் வயதில் வந்தவர்களே இங்கே முதிர்ந்தார்கள், பின்னால் வரிசை இல்லை. அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்களும் இடைவெளி விட்டு வந்து, 1998இல் இலங்கையை விட்டே போய்விட்டார்கள். இப்போது ஆங்கிலம் கற்பிக்க வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் சில மாதம் இருப்பார்கள். வார இறுதிக்கு அறுகம்பைக்குப் பஸ் ஏறுவார்கள். படத்தை அன்றிரவே உலகம் பார்த்துவிடும். அவர்களுடைய சனிக்கிழமைகள் தொலையாது. தொலைந்துகொண்டிருப்பது உங்களிடம் இருப்பவை. 1955இல் பதினைந்து வயதாக இருந்த பையன் இன்று எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டான். கனடாவில் மகள் வீட்டில், அவுஸ்திரேலியாவில் மகன் வீட்டில், கொழும்பில் அடுக்குமாடியில் இருந்துகொண்டு பேரப்பிள்ளைகளுக்கு விளங்காத பகிடிகளைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

எழுதுவது எப்படி என்று யோசித்து நாளைக் கடத்த வேண்டாம். ஒரு சி.ஆர். கொப்பி போதும். கை நடுங்கினால் பேரப்பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள், பாதர்மார் ஆங்கிலத்தில் பேசிய இடத்தை மட்டும் அவர்கள் பேசியபடியே விடுங்கள். அட்டைப் பெட்டிகளில் கிடக்கும் படங்களின் பின்பக்கத்தில் யார் யார் என்று பென்சிலால் குறித்துவையுங்கள். பிரதிகளை நூலக நிறுவனத்திடம் கொடுத்தால் மின்வடிவாக்கி எல்லோரும் பார்க்க வைப்பார்கள். ஈழத்து நூல்களையும் மலர்களையும் துண்டுப்பிரசுரங்களையும் அவர்கள் காப்பாற்றி வைத்திருப்பது நீங்கள் அறிந்ததே.

எங்கள் பக்கத்து வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்த வீதியோரத்தில் கடை வைத்திருந்தவர்கள், ரயில் நிலையத்தில் நின்றவர்கள், மிக்கேல் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பிய வாப்பாமார் என்று ஏறாவூரில் மிஞ்சியிருக்கும் கிழவர்களிடம் கேட்டு எழுத நாலைந்து பேர் ஒத்துக்கொண்டிருக்கிறோம். 1990ஐப் பற்றி யாரையும் வற்புறுத்திக் கேட்கமாட்டோம். தாங்களாகச் சொன்னால் எழுதிக்கொள்வோம், அடிக்காமல் திருத்தாமல்.

வந்தவற்றையெல்லாம் ஒருநாள் ஏறாவூரில் கூடியிருந்து வாசிப்போம். ஓகஸ்ட் 15 வேண்டாம். அது துக்கத்துக்குரிய நாள், அன்றைக்கு வேறு கூட்டங்கள் இருக்கின்றன. ஏதாவதொரு சாதாரண சனிக்கிழமையாக இருக்கட்டும், பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு. மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் அரைமணித்தியாலம்தான். வர இயலாதவர்கள் எழுத்தை அனுப்புங்கள், வாசிக்க ஆள் வைத்திருக்கிறோம். வருகிறவர்களுக்கு வட்டலப்பமும் தேத்தண்ணியும் எங்கள் செலவு. சீனி வருத்தக்காரர் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏறாவூரிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்